கபடி ஆடும் பிள்ளைகளும் படர்தாமரையும்



சம்பா அறுப்பு முடிந்துவிட்டால் நம் பூம்புகார் வட்டாரத்தில் மின்னொளி கபடி தொடங்கிவிடும். சென்ற ஆண்டு நமது அறக்கட்டளையும் பிள்ளைகளை இரண்டு அணியாகச் சேர்த்து ஜெர்ஸி வாங்கிக் கொடுத்தது. செலவை மிச்சம் பிடிக்க ஒரே செட்தான் வாங்கினோம். மாலையில் சிறியவர்கள் கழற்றிப் போட்டதை இரவில் பெரியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். ஒரு மாதத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு இடுப்பிலும் தொடையிலும் படர்தாமரை. ஒரு செட் போதும் என்று கணக்கு எழுதியவன் நான்தான். ஆகவே இதையும் நானே எழுதுவதுதான் முறை.

படர்தாமரை ரத்தக்கெடுதியால் வருவதல்ல, அது ஒரு பூஞ்சை. தோலின் மேலடுக்கைத் தின்று வாழ்கிறது. உதிரும் தோல்துகளோடு துணியில் ஒட்டிக்கொண்டு நெடுநாள் உயிரோடு இருக்கும். கபடியில் உடம்போடு உடம்பு உரசாமல் பிடி போட முடியாது. அதோடு நம் கடலோரப் புழுக்கமும், வியர்வையில் நனைந்த இறுக்கமான உடையும் சேர்ந்தால் அதற்கு வேறென்ன வேண்டும்? ஒட்டிய பிறகு ஒன்றிரண்டு வாரம் கழித்தே வட்டம் தெரியும் என்பதால், யாரிடமிருந்து வந்தது என்று பிள்ளைகளை விசாரிப்பதில் பயனில்லை.

நோயைவிட அதிகக் கேடு செய்தது நாமாக வாங்கிப் போட்ட மருந்துதான். மருந்துக்கடையில் “அரிப்புக்கு ஏதாவது கொடுங்க” என்று கேட்டால் கிடைக்கும் கலவைக் கிரீம்கள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், சிவப்பும் மறையும். ஆனால் அடங்கியது பூஞ்சை அல்ல, அதை எதிர்க்கும் நம் உடம்பின் சக்தி. நிறுத்தியதும் முன்னைவிட அகலமாகத் திரும்பி வரும். தொடை இடுக்கில் தோல் மெலிந்து கோடு விழுந்துவிட்டால் அது போகவே போகாது. இதனால்தான் 2018-ல் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டு கிரீம்கள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. இன்னொரு செய்தி: டெர்பினாபின் என்ற வழக்கமான மருந்துக்கே பல நேரம் கட்டுப்படாத ஒரு பூஞ்சை நம் நாட்டில் பெருகிவிட்டது. 2020-ல் அதற்கு டிரைக்கோபைட்டான் இண்டோடினியே என்று இந்தியாவின் பெயரையே சேர்த்து வைத்தார்கள். இப்படியும் ஒரு பெருமை!

பிள்ளைகள் இதை மறைக்கிறார்கள். சொன்னால் அணியிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்ற பயம். அமெரிக்கப் பள்ளி மல்யுத்தத்தில் ஆட்டத்துக்கு முன் தோலைப் பரிசோதிப்பார்கள். உடம்பில் படர்தாமரை இருந்தால் குறைந்தது 72 மணி நேரம் மருந்து எடுத்த பிறகே அனுமதி, தலையில் இருந்தால் 14 நாள். அதாவது நோய் வந்தவனை விலக்குவதில்லை, சில நாள் உட்கார வைக்கிறார்கள். நாமும் அப்படியே செய்வோம். உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் இடம் அவனுக்கே இருக்கும்.

காய்ச்சலுக்கும் இதே விதிதான். 2021 ஐ.பி.எல்.-ஐ நினைத்துப் பாருங்கள். ஓட்டலைவிட்டு வெளியே போகத் தடை, அடிக்கடி பரிசோதனை என்று எவ்வளவோ கட்டுப்பாடு. மே 3-ல் கொல்கத்தா அணியில் இருவருக்குக் கொரோனா உறுதியானது, மறுநாள் தொடரே நின்றது. நடந்திருந்தது 29 ஆட்டம். மீதியை செப்டம்பர் 19 முதல் அமீரகத்தில்தான் நடத்தினார்கள். அவ்வளவு பணம் இருந்தும் அதுதான் நிலைமை. நம்மிடம் இருக்கும் ஒரே தடுப்பு, உடம்பு சரியில்லாத பிள்ளை வீட்டில் இருப்பதுதான். சென்ற ஆண்டு ஒரு பிள்ளை காய்ச்சலோடு இறுதி ஆட்டம் ஆடினான். முதுகில் தட்டிக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன். வைரஸ் காய்ச்சலோடு மூச்சிரைக்க ஓடினால், அரிதாக என்றாலும், இதயத்தசையே வீங்கி ஆபத்தாகலாம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. மெட்ராஸ் ஐ வந்தவர்களும் கண் தெளியும்வரை மைதானத்துக்கு வர வேண்டாம்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. ஆடுகிற பிள்ளையின் துண்டையே தங்கையும் பாட்டியும் எடுத்தால் நோய் வீட்டுக்குள் சுற்றும். பெண்பிள்ளைகள் வெட்கப்பட்டுச் சொல்லமாட்டார்கள், நீங்களாகக் கேளுங்கள். வீட்டில் யாருக்கெல்லாம் இருக்கிறதோ எல்லோரும் ஒரே நேரத்தில் அரசு மருத்துவமனையில் தோல் டாக்டரிடம் காட்டி, அவர் சொன்ன நாள்வரை மருந்தை விடாமல் போட வேண்டும். அரிப்பு நின்றதும் நிறுத்துவதுதான் நம் வழக்கம், அது கூடாது. ஜெர்ஸியை அன்றன்றே வெந்நீரில் துவைத்து, உள்பக்கம் வெளியே தெரிய வெயிலில் காயப்போடுங்கள்.

பள்ளிவாசலில் ஒளு செய்யும் இடத்தில் தொங்கிய பொதுத் துண்டை முத்தவல்லி அவர்களின் சம்மதத்தோடு எடுத்துவிட்டோம். அவரவர் கைக்குட்டை கொண்டுவரவும். மைதானத்தில் ஒரே சொம்பில் வாய்வைத்துத் தண்ணீர் குடிப்பதும் இனி இல்லை.

இந்த ஆண்டு ஆளுக்கொரு ஜெர்ஸி, பெயர் போட்டு வருகிறது. அளவு கொடுக்காத பிள்ளைகள் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அலுவலகத்தில் கொடுக்கவும். அத்தா யாராவது உடன் வந்தால் நல்லது.