வாய் திறவாத ஊர்

துப்பறியும் கதை என்றதும் பெருநகரமும், அங்கே தடயம் தேடும் அறிஞனும் நினைவுக்கு வருதல் இயல்பு. நகரத்தில் ஒருவரை ஒருவர் அறியார். ஆதலின் குற்றவாளி யார் என்பதே வினா. ஒரு வீட்டு அடுப்பில் வேகுவதை மறு வீட்டார் அறிந்திருக்கும் சிற்றூரிலோ வினா வேறு. அங்கே உண்மை பலருக்கும் தெரியும். அதைச் சொல்ல முன்வருபவர் யார் என்பதே வினா. இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும் நாவல், டானா பிரெஞ்சு என்னும் அம்மையார் 2020-இல் வெளியிட்ட 'தி சர்ச்சர்'. தேடுபவர் என்பது அதன் பொருள்.

மேற்கு அயர்லாந்தில் ஆர்ட்னகெல்ட்டி என்பது ஆசிரியை படைத்த ஊர். ஆட்டுப்பண்ணைகள், மலை, சதுப்பு நிலம், ஒரு மளிகைக் கடை, ஒரு மதுக்கடை ஆகியவையே அவ்வூரின் உலகம். சிக்காகோ காவல்துறையில் 25 ஆண்டுகள் பணியாற்றிய கால் ஹூப்பர் அங்கே ஒரு பாழ்வீட்டை வாங்கிக் குடியேறுகிறார். மலைமேல் வாழும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளை டிரேக்கு வயது 13. காணாமற்போன தன் அண்ணன் பிரெண்டனைத் தேடித் தருமாறு அப்பிள்ளை அவரை நாடுகிறது.

அண்டைவீட்டு மார்ட் வேடிக்கையாகப் பேசுவார். கடைக்கார நொரீன் ஊர்ச் செய்தி அனைத்தும் அறிவாள். ஆயினும் பிரெண்டன் பெயர் எழுந்தால் பேச்சு திசை மாறும். நயமான சொற்களுக்குள்ளேயே எச்சரிக்கை பொதிந்திருக்கும். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பர் நம்மவர். அவ்வூரோ தன் வாயைத் தானே மூடிக்கொள்கிறது.

இம்மௌனத்திற்கு அந்நாட்டு வரலாற்றிலும் வேர் உண்டு. 1882-இல் மாம்டிராஸ்னா என்னும் மேற்குச் சிற்றூரில் ஒரே குடும்பத்தினர் ஐவர் கொல்லப்பட்டனர். ஐரிஷ் மொழி மட்டுமே அறிந்த மைல்ஸ் ஜாய்ஸ் என்பவர் டப்ளினில் ஆங்கிலத்தில் விசாரிக்கப்பட்டு, அவ்வாண்டே தூக்கிலிடப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டோருள் இருவர் அரசுதரப்புச் சாட்சிகளாக மாறியிருந்தனர். ஜாய்ஸுக்கு அயர்லாந்து அதிபர் மன்னிப்பு வழங்கியது 2018-இல்தான். அந்நியர் ஆட்சியில் நேர்ந்த இத்தகைய அனுபவங்களால், காட்டிக்கொடுப்பவன் என்பது அயர்லாந்தில் கொடிய வசையாயிற்று.

நாவலின் முடிவில் ஹூப்பர் உண்மையை அறிகிறார்; ஆனால் வழக்கு மன்றத்திற்குக் கொண்டு செல்லவில்லை. அண்ணன் இறந்தான் என்ற உறுதி மட்டும் டிரேக்குக் கிட்டுகிறது. குற்றம் புரிந்தோர் பெயர் கிட்டவில்லை. ஊரின் அமைதி காக்கப்பட்டது. அதற்கு விலை கொடுத்தது ஒரு குழந்தை. இது நீதியாகுமா? 2024-இல் வெளிவந்த 'தி ஹன்டர்' என்னும் தொடர்நாவலில், டிரேயின் ஆறாத சினம் பழிவாங்கும் எண்ணமாக மூள்கிறது. மூடிவைத்த உண்மை அவ்வூரை விட்டு அகலவில்லை என்பதை இது காட்டும்.

நாவலில் ஊர் என்பது வெறும் பின்னணி அன்று, கதையை நடத்தும் பாத்திரமும் ஆகும் என்று கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இந்நாவல் தக்க சான்றாகும்.