கடலோர ஊரில் வண்டி மக்கர் செய்தால்

சிறிய மோட்டார் சைக்கிளின் என்ஜின் ஓட மூன்று வேண்டும்: பெட்ரோலும் காற்றும் சரியான விகிதத்தில் சேர்ந்த கலவை, அதை நெருக்கும் அழுத்தம், உரிய நேரத்தில் ஒரு தீப்பொறி. கிளம்பாத வண்டியில் இவற்றில் ஏதோ ஒன்று குறைகிறது. எது என்று கண்டுபிடிப்பதுதான் பழுது பார்ப்பதில் பாதி வேலை. புதுச்சேரி நகரத்தில் அந்தத் தேடலை மின்சாரப் பக்கத்திலிருந்து தொடங்குவது நல்லது. ஊர் கடலை ஒட்டியே இருக்கிறது.

அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் உலர்ந்து உப்புத் துகள்களாகி, கடற்கரைச் சாலையைத் தாண்டி ஊருக்குள் பரவுகின்றன. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். புதுச்சேரியின் இரவுகளில் அந்த ஈரப்பதம் சாதாரணம். வாசலில் நிற்கும் வண்டியின் மேல் இப்படி மெல்லிய உப்புநீர்ப் படலம் படிகிறது. செம்பு டெர்மினல்கள் பச்சை பூக்கின்றன, எஃகுத் திருகுகள் துருப்பிடிக்கின்றன. எஃகு போல்ட் அலுமினிய உறையைத் தொடும் இடத்தில் வெள்ளைப் பொடி கிளம்புகிறது. உப்புநீர் நடுவில் இருக்கும்போது இரு வேறு உலோகங்கள் ஒரு மின்கலமாகி, அதில் அலுமினியம் கரைவதே இதற்குக் காரணம்.

துருவும் பச்சையும் மின்சாரத்தை எளிதில் கடத்தா. அரை ஓம் அளவுக்குத் தடை சேர்ந்தாலே என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12 வோல்ட்டில் 35 வாட் ஹெட்லைட் பல்ப் ஏறக்குறைய 3 ஆம்பியர் இழுக்கும். அதன் எர்த் வயரில் அரை ஓம் தடை இருந்தால் பல்புக்குப் போய்ச் சேர்வது 10.7 வோல்ட்தான். இழை பல்பின் ஒளி மின்னழுத்தத்தைவிட வேகமாகக் குறையும் என்பதால் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். பல்பை எத்தனை முறை மாற்றினாலும் வெளிச்சம் கூடாது.

செல்ஃப் மோட்டாரில் பாதிப்பு இன்னும் கடுமை. அது 50 ஆம்பியர் இழுக்கிறது என்றால், ஓம்மில் இருபதில் ஒரு பங்கு தடையே 2.5 வோல்ட்டை விழுங்கிவிடும். பட்டனை அழுத்தும்போது ரிலே ‘டிக் டிக்’ என்று அடித்து மோட்டார் சுற்றாமல் நின்றால், பேட்டரி செத்துவிட்டது என்று முடிவு கட்டிப் புதிது வாங்குவது வழக்கமாகிவிட்டது. அதற்கு முன் மல்டிமீட்டரை எடுப்பது நியாயம். ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மறுமுனையை என்ஜினின் வெறும் உலோகத்திலும் வைத்து செல்ஃப் அடித்துப் பார்க்க வேண்டும். கால் வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பழுது எர்த் இணைப்பில் இருக்கிறது. உப்புத்தாளில் சுரண்டி, இறுக்கி, மேலே வாசலின் தடவினால் சரியாகிவிடும். பாசிட்டிவ் பக்கத்தையும் ரிலே வழியே இப்படியே அளக்கலாம்.

பேட்டரியின் நிலையை அறிவதும் எளிது. ஓடாமல் ஓய்ந்திருக்கும் வண்டியில் 12.6 வோல்ட்டுக்கு அருகில் இருந்தால் நல்ல சார்ஜ். 12-க்குக் கீழே போனால் காலி. என்ஜினை நடுத்தர வேகத்தில் ஓடவிட்டு அளக்கும்போது 14 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். ஏறாமல் நின்றால் ஸ்டேட்டர் காயிலையோ ரெக்டிஃபையரையோ வழியிலுள்ள கப்ளரையோ சந்தேகிக்கலாம். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டு, பேட்டரியை வேகவைத்துக் கொண்டிருக்கிறது.

அடுத்தது பிளக். கழற்றி, தொப்பியில் செருகி, என்ஜின் உலோகத்தில் சாய்த்துக் கிக் அடித்தால் பொறி தெரியும். தெரிந்தால் மட்டும் போதாது. வெளிக்காற்றில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்ட ஏறக்குறைய 3,000 வோல்ட் போதும். சிலிண்டருக்குள் காற்று பல மடங்கு நெருங்கியிருப்பதால் அதைவிட மிக அதிகம் வேண்டும். வெளியே பொறிக்கும் பிளக் உள்ளே ஏமாற்றுவது இதனால்தான். பலவீனமான காயிலும் ஈரமேறிய பிளக் தொப்பியும் இப்படித்தான் தப்பித்துக்கொள்கின்றன. பிளக் முனையின் நிறமும் சேதி சொல்லும்: மண் பழுப்பு நல்லது, காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம் அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு, வெளுத்த வெள்ளை என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு, எண்ணெய்க் கறுப்பு என்றால் ரிங் அல்லது வால்வு தேய்மானம்.

பொறி நன்றாக இருந்தும் கிளம்பவில்லை, பிளக்கும் காய்ந்தே இருக்கிறது என்றால் பெட்ரோல் வரவில்லை. பழைய வண்டிகளில் கார்ப்ரேட்டரின் அடித்திருகைத் தளர்த்தினால் தேங்கிய நீரும் கசடும் வெளியேறும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபின் பெருவாரியான வண்டிகளில் அந்த இடத்துக்கு இன்ஜெக்டர் வந்துவிட்டது. பெட்ரோல் பம்ப் மின்சாரத்தில் ஓடுவதால், அங்கே டெர்மினல் அரிப்பே பெட்ரோல் பழுதாகவும் வேடம் போடும்.

அழுத்தக் குறைவை அறிய ஒரு பழைய சோதனை உண்டு. பிளக் துளையில் ஒரு தேக்கரண்டி என்ஜின் ஆயில் ஊற்றிக் கிக் அடிக்கும்போது அழுத்தம் கூடினால் ரிங் தேய்ந்திருக்கிறது; கூடாவிட்டால் வால்வு சரியாக மூடவில்லை.

வெள்ளம் தனிக் கதை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது நகரத்தில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற தாழ்ந்த பகுதிகளில் வண்டிகள் நீரில் நின்றன. அப்படி மூழ்கிய வண்டியில் செல்ஃப் பட்டனைத் தொடவே கூடாது. நீர் சுருங்காது, சிலிண்டருக்குள் நீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். முதலில் பேட்டரி இணைப்பைத் துண்டித்து, பிளக்கைக் கழற்றி, கிக்கரை மெல்ல மிதித்து நீரை வெளியேற்ற வேண்டும். ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் முழுவதும் மாற்ற வேண்டும். ஏர் ஃபில்டரும் மாறும். கப்ளர்களைப் பிரித்து நல்ல நீரில் அலசிக் காற்றடித்து உலர்த்தினால்தான் சாக்கடை நீரின் உப்புகள் போகும். என்ஜின் ஓடத் தொடங்கியவுடன் வண்டியை எடுத்துச் செல்வது ஆபத்து. டிரம் பிரேக்குக்குள் சேறு தங்கியிருக்கும். சக்கர பேரிங்கில் கிரீஸ் கழுவப்பட்டிருந்தால் சத்தம் சில வாரம் கழித்தே வெளிவரும். இரு சக்கரங்களையும் கழற்றிப் பார்த்த பிறகே அந்த வண்டியைச் சாலையில் இறக்க வேண்டும்.