சேற்றில் வண்டியை உயர்த்தும் கியர் பெட்டி: நம் நஞ்சைக்குப் பொருந்துமா?

திருக்கடையூரைச் சுற்றியுள்ள நஞ்சை பெரும்பாலும் களிப்பாங்கானது. கடலை நெருங்க நெருங்க மணல் கலக்கும். காவிரியின் கடைமடை ஆனதால் தண்ணீர் வருவதும் தாமதம், வடிவதும் தாமதம். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் அதே மண் ஐப்பசி மழையில் காலைப் பிடித்து இழுக்கும். இந்தப் பக்கம் எந்த வண்டி வந்தாலும் உழவர் முதலில் கேட்பது, "வயலில் இறக்கினால் புதையுமா?" என்றுதான்.

இப்போது இளைஞர்கள் கைப்பேசியில் ஒரு வண்டியைப் பார்த்துவிட்டு வந்து கேட்கிறார்கள். இருவர் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து ஓட்டும் நான்கு சக்கர வண்டி அது. பின்னால் சிறு சாமான் தொட்டி இருக்கும். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பெரிய பண்ணைகளில் தீவனம், வேலிக்கம்பி, கருவிகள் ஏற்றிச் செல்ல இதை வைத்திருக்கிறார்கள். 'சைட்-பை-சைட்' என்பது அதன் பெயர். அதன் சக்கரங்களில் 'போர்ட்டல் கியர்' என்ற பெட்டிகளை மாட்டி, வண்டியை 4 அங்குலம் அல்லது 6 அங்குலம் தூக்கி, இடுப்பளவு சேற்றில் ஓட்டிக் காட்டுகிறார்கள். நம் மினி டிராக்டரையும் இப்படித் தூக்கிக் கொண்டால் என்ன என்பது கேள்வி. இதில் பணமும் இருக்கிறது, உயிரும் இருக்கிறது. ஆகையால் விவரமாகப் பார்ப்போம்.

தாத்தா காலத்து மாட்டு வண்டி

கட்டை வண்டியின் சக்கரம் ஆளின் மார்பளவு உயரம் நின்றது. அழகுக்காக அப்படிச் செய்யவில்லை. சக்கரம் பெரிதானால் அதன் நடுவிலுள்ள அச்சு உயரும்; அச்சு உயர்ந்தால் வண்டிப்பாதையின் நடுத்திட்டு இடிக்காது, சேற்றில் வண்டி வயிற்றால் உட்காராது. பிறகு டயர் வண்டி வந்தது. மாட்டுக்கு இழுவை இலகுவாயிற்று. ஆனால் அச்சு தாழ்ந்தது. மழைக்காலத்தில் களத்துக்குப் போகும் பாதையில் டயர் வண்டி நின்றுபோன இடத்தைப் பழைய வண்டி கடந்ததைப் பெரியவர்கள் சொல்வார்கள்.

மோட்டார் வண்டியிலும் இதே தொல்லைதான். பின் அச்சின் நடுவில் கிரவுன் சக்கரம் இருக்கும் குண்டு ஒன்று தொங்குகிறது. வண்டியின் வில்லை உயர்த்திக் கட்டினால் உடல் மட்டும் உயரும். அந்தக் குண்டு இருந்த இடத்திலேயே இருக்கும். டயரைப் பெரிதாக்கினால் குண்டும் உயரும், ஆனால் 4 அங்குலம் பெரிய டயர் போட்டால் கிடைப்பது 2 அங்குலம்தான். மீதி 2 அங்குலம் மேல்பக்கம் போய்விடும்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

போர்ட்டல் முறையில் அச்சு நேராகச் சக்கரத்தின் நடுவில் போய்ச் சேராது. சக்கரத்தின் உள்பக்கம் நெட்டுக்குத்தாக ஒரு கியர் பெட்டி இருக்கும். அச்சு அதன் மேல்முனையில் நுழையும். சக்கரம் அதன் கீழ்முனையில் மாட்டப்படும். இரண்டுக்கும் இடையே எத்தனை அங்குலமோ அத்தனை அங்குலம் அச்சு, குண்டு, வண்டி எல்லாம் சேர்ந்தே உயர்ந்துவிடும்.

இரண்டு பல்சக்கரம் ஒன்றோடொன்று கடித்தால் அவை எதிரெதிராகச் சுற்றும். கரும்பு பிழியும் மூன்று உருளை ஆலையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்: நடு உருளை ஒரு பக்கம் சுற்ற, ஓரத்து உருளை இரண்டும் மறுபக்கம் சுற்றும். ஆகவே மேல் சக்கரம் சுற்றும் திசையிலேயே கீழ்ச் சக்கரமும் சுற்ற வேண்டுமானால் நடுவில் இன்னொரு பல்சக்கரத்தைக் கொடுக்க வேண்டும். பிற்பாடு மாட்டும் பெட்டிகளில் இப்படித்தான் செய்கிறார்கள். அதைக் கொடுக்காமல் இரண்டு பல்சக்கரத்தோடு விட்டால், கிரவுன் சக்கரத்தைத் திருப்பி வைத்துத் திசையைச் சரிக்கட்ட வேண்டும்.

மேலே 20 பல், கீழே 30 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல் சக்கரம் ஒன்றரை சுற்றுச் சுற்றினால்தான் கீழ்ச் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். வேகம் மூன்றில் ஒரு பங்கு குறையும். சக்கரத்தில் திருகுவிசை பாதி கூடும். பெரிய டயர் போட்டதால் எஞ்சினுக்கு வரும் திணறல் இதனால் தீரும். கடைசித் திருப்பம் சக்கரத்தருகே நடப்பதால் உள் அச்சுக்கும் பளு குறைவு.

இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல, உழவுக்கே பிறந்தது. 1924-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஃபார்மால் டிராக்டரில் பின் சக்கரங்கள் இவ்விதமே கீழிறக்கி மாட்டப்பட்டன. சோளம், பருத்தி வரிசைகளைச் சாய்க்காமல் மேலாகக் கடந்து களை கொத்துவதற்காக. ஜெர்மனியில் 1948-இல் தயாரிப்புக்கு வந்த யூனிமாக் வண்டியும் உழவு வண்டியாகவே தொடங்கியது. அதன் சக்கர அகலத்தை இரண்டு உருளைக்கிழங்கு வரிசைக்குச் சரியாக 127 செ.மீ. என்று அமைத்தார்கள். பிறகு அது படைக்கும் தீயணைப்புக்கும் போய்ப் பெயர் வாங்கியது. இதே பெட்டியைத் தலைகீழாக மாட்டினால் அச்சு தாழும். நகரங்களில் ஓடும் தாழ்தளப் பேருந்துகள் பலவற்றின் பின் அச்சு அப்படிப்பட்டதுதான்.

நம் ஊரில் ஏற்கெனவே இருக்கிறது

அமர்ந்து ஓட்டும் நாற்று நடவு இயந்திரத்தைக் குனிந்து பாருங்கள். ஜப்பானிய வகை இயந்திரங்களில் அச்சு முனையிலிருந்து கியர் பெட்டி கீழே இறங்கி, அதன் அடியில் ஒல்லியான, உயரமான சக்கரம் மாட்டியிருக்கும். சிறு ரக நான்கு சக்கர இழுவை டிராக்டர்களில், உதாரணமாகக் குபோட்டாவில், முன் சக்கரத்துக்கு விசை இறங்குவதும் செங்குத்தான கூம்புப் பல்சக்கரப் பெட்டி வழியாகத்தான். வயிறு சேற்றைத் தொடாமல் இருக்கவும், வரப்போரம் ஒடித்துத் திரும்பவும் அது உதவுகிறது.

நடவு இயந்திரத்தின் சக்கரம் ஏன் அவ்வளவு ஒல்லி? விசயமே அங்குதான் இருக்கிறது. சேற்றில் போக இரண்டு வழி உண்டு. ஒன்று, பளுவைப் பரப்பி மேலே மிதப்பது. அறுவடைக்கு வரும் பெல்ட் மெஷின் அவ்வகை. டயரோடு கேஜ் வீல் சேர்த்துக் கட்டுவதும் ஓரளவு அவ்வகையே. மற்றது, சேற்றைக் கிழித்துக்கொண்டு அடியில் உள்ள கெட்டித் தரையைத் தொட்டு நடப்பது. நடவு இயந்திரம் அவ்வகை. எட்டு வரிசை நடும் சீன வகை இயந்திரமோ பலகையைச் சேற்றின் மேல் மிதக்கவிட்டு, ஒரே இரும்புச் சக்கரத்தால் அதை இழுத்துச் செல்கிறது. இரண்டு வழியும் ஒரே இயந்திரத்தில்!

தூக்கிக் கட்டும் கியர் பெட்டி இரண்டாம் வழியைச் சேர்ந்தது. சக்கரம் அடித்தரையைத் தொடும்வரை வயிறு சேற்றில் படாமல் காப்பது மட்டுமே அதன் வேலை. புதைவதை அது தடுக்காது. பெட்டியின் எடையும் சேர்வதால் வண்டி இன்னும் சிறிது அதிகமாகவே புதையும். அடித்தரை இல்லாத இடத்தில் 6 அங்குலம் உயர்த்திய வண்டி 6 அங்குலம் கூடுதலாக இறங்கிய பிறகுதான் உட்காரும். அதை எடுக்க வருபவனுக்கு வேலை அதிகம்.

நம் வயலில் அடித்தரை உண்டு. தலைமுறை தலைமுறையாகச் சேற்றுழவு செய்ததில் ஏறக்குறைய ஒரு சாண் ஆழத்தில் கெட்டிப் பட்டிருக்கிறது. தண்ணீர் நிற்பதும் அதனால்தான், இயந்திரம் நடப்பதும் அதனால்தான். இதை உடைப்பது எளிது. சம்பா அறுவடையின்போது ஈரம் வடியாத வயலில் கனமான மெஷினை இறக்கினால் பள்ளம் பள்ளமாக அடித்தரை அறுந்துபோகும். அடுத்த குறுவைக்கு நடவு இயந்திரம் சரியாக அந்த இடத்தில் சிக்கும். அறுவடைக்கு ஏழெட்டு நாள் முன்பே தண்ணீரை வடித்துவிடுங்கள். ஆயிரக்கணக்கில் செலவழித்து வண்டியை உயர்த்துவதைவிட வடிகாலைத் தூர்வாருவது மலிவு என்பது என் எண்ணம். இயந்திரம் இறக்குமுன் ஒரு இரும்புக் கம்பியோடு வயலை நடந்து பார்த்து, ஒரு அடிக்கு மேல் கம்பி இறங்கும் இடத்தில் குச்சி நட்டுவிடுங்கள்.

உயரத்தின் விலை

வண்டி உயர்ந்தால் கவிழும் பயம் கூடும். இரு சக்கரங்களுக்கும் இடையே 120 செ.மீ., பளுவின் மையம் தரையிலிருந்து 60 செ.மீ. என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால், நின்ற நிலையில் சுமார் 45 பாகை சாயும்வரை வண்டி தாங்கும். அதையே 15 செ.மீ. தூக்கினால் 39 பாகையிலேயே கவிழ்ந்துவிடும். பெட்டி மாட்டும்போது சக்கரம் வெளிப்பக்கம் சற்றுத் தள்ளுவதால் கொஞ்சம் ஈடாகும், முழுதும் ஈடாகாது. வாய்க்கால் கரையில், ஒரு சக்கரம் வரப்பிலும் ஒரு சக்கரம் பள்ளத்திலும் போகும் நம் ஓட்டத்துக்கு இந்த 6 பாகை பெரிய வித்தியாசம். வெளிநாட்டு வண்டியில் தலைக்கு மேல் இரும்புக் கூண்டும் இருக்கை வாரும் உண்டு. நம் டிராக்டர்கள் பலவற்றில் இரண்டும் இல்லை.

திருகுவிசை கூடுவதிலும் அபாயம் உண்டு. சிக்கிய டிராக்டரின் பின் டயரில் மரக்கட்டை கட்டி முன்னோக்கி விசை கொடுப்பது நம் பக்கம் பழகிய பழக்கம். சக்கரம் சுற்ற முடியாமல் பிடித்துக்கொண்டால் டிராக்டரின் முன்பக்கம் மேலெழுந்து ஓட்டுபவர் மீதே மல்லாந்துவிடும். கண் இமைக்கும் நேரத்தில் நடக்கும். சிக்கினால் சுற்றிலும் மண்ணை வெட்டி, வந்த வழியே பின்னோக்கி எடுங்கள். வராவிட்டால் இன்னொரு டிராக்டரைக் கொண்டு தாழக் கட்டி இழுங்கள்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. பட்டறையில் அச்சை மாற்றிவிட்டுச் சாலையில் விபத்து நேர்ந்தால் காப்பீட்டில் சிக்கல் வரும். 2019-இல் போலாரிஸ் நிறுவனம் குதிரைபோல் ஏறி அமரும் ஒரு நாற்சக்கர வண்டியை இந்தியாவில் டிராக்டர் வகையில் பதிவு செய்யத்தக்கதாகக் கொண்டுவந்தது. அதன் விலை பல லட்சம். மூன்று மா, நான்கு மா வைத்திருப்பவருக்கு அது ஆகாத காரியம்.

ஆகவே உயரம் வேண்டுமானால், உயரத்தோடே பிறந்த இயந்திரத்தை வாடகைக்கு எடுங்கள். நடவு இயந்திரம் இருக்கிறது. பருத்திக்கு மருந்தடிக்க உயரக்கால் தெளிப்பான்களும் உண்டு. சொந்தமாக நடவு இயந்திரம் வைத்து வாடகைக்கு விடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சக்கரத்தருகே இருக்கும் கியர் பெட்டி நாள் முழுதும் சேற்றுக்குள் கிடக்கிறது. அதன் ஆயில் சீல் தேய்ந்தால் தண்ணீர் உள்ளே போகும். பருவம் முடிந்ததும் அடி மரையைக் கழற்றிச் சிறிது எண்ணெய் வடித்துப் பாருங்கள். மோர்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். சீலை மாற்றி, பழைய எண்ணெயை முழுதும் வடித்துப் புதிது ஊற்ற வேண்டும். சீல் உதட்டில் வைக்கோலோ நைலான் நூலோ சுற்றியிருந்தால் கத்தியால் அறுக்காமல் கையால் உருவி எடுங்கள். வடித்த எண்ணெயில் இரும்புத் துகள் மின்னினால் பெட்டியைப் பிரிக்காமல் அடுத்த நடவுக்கு அனுப்ப வேண்டாம்.