போர்டில் எழுதாத ஆள்

கம்ப்யூட்டர் படிக்கிறவன் புரோகிராம் எழுதினால் போதும், அதற்கு விளக்கக் குறிப்பு எழுதுவது கிளார்க் வேலை என்று நானும் நினைத்துக் கொண்டிருந்தேன். இந்த வருடப் புராஜெக்ட்டில் அந்த நினைப்பு போய்விட்டது.

எங்கள் ஊர் சூலக்கரை. அம்மா பட்டாசு ஆலைக்கு வேனில் போய் வருகிறார். ஆலையில் ஒவ்வொரு ஷெட் வாசலிலும், உள்ளே எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம் என்று எழுதியிருக்கும். அம்மாவுக்கு வாசிக்க வராது. எண் மட்டும் தெரியும். கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். யார், எதை, என்ன செய்யலாம் என்ற விதிக்குப் பெயர் பாலிசி. (எல்.ஐ.சி. பாலிசி அல்ல!)

அமேசான் வெப் சர்வீசஸில் இந்த விதிகளைக் கவனிக்கும் பகுதி ஐ.ஏ.எம். ஒரு பாலிசியைத் திறந்தால் அனுமதியா மறுப்பா, எந்தச் செயலுக்கு, எந்தப் பொருள்மேல் என்று இருக்கும். ஒரு விதி அனுமதித்து, இன்னொரு விதி மறுத்தால், மறுப்புதான் ஜெயிக்கும். எந்த விதியுமே இல்லாவிட்டாலும் மறுப்புதான்.

ஏ.பி.ஐ. என்பது ரேஷன் கடை ஜன்னல் மாதிரி. கேட்க வேண்டிய முறையில் கேட்டால் கிடைக்கும். 'லிஸ்ட் பாலிசீஸ்' என்று கேட்டால் பாலிசிகளின் பட்டியல் வரும். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து, இதைக் கேட்டு வாங்கிக் காட்டும் சின்ன டூல் ஒன்றைப் பைத்தானில் செய்தோம். குறிப்பு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. "இந்த டூல் நம் கணக்கில் உள்ள எல்லா அனுமதிகளையும் காட்டும்" என்று முதல் வரி எழுதினேன். ஓட்டிப் பார்த்ததில் 100 பாலிசி வந்தது. எனக்குச் சந்தேகம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது.

சார் பார்த்துவிட்டு, "அதெப்படிப்பா கரெக்டா நூறு?" என்றார்.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். நாம் எண்ணிக்கை எதுவும் சொல்லாவிட்டால் ஒரு தடவைக்கு 100தான் தரும். அதிகபட்சம் 1000 கேட்கலாம். மீதி இருந்தால் 'ஈஸ் ட்ரங்கேட்டட்' என்ற இடத்தில் 'ட்ரூ' என்று வரும். கூடவே 'மார்க்கர்' என்ற டோக்கனும் வரும். அந்த டோக்கனைக் காட்டி மறுபடி கேட்க வேண்டும். அமேசான் தானே எழுதி வைத்திருக்கும் பாலிசிகளே ஆயிரத்துக்கு மேல்! இதில் இன்னொரு சங்கதி: மீதி இருக்கும்போதே கேட்டதைவிடக் குறைவாகவும் வரலாம். அதனால் எண்ணிப் பார்த்து முடிவு செய்யக்கூடாது, 'ட்ரூ'வா என்றுதான் பார்க்க வேண்டும்.

'ஸ்கோப்' என்ற இடத்தில் 'லோக்கல்' என்று கொடுத்தால், நாமே எழுதிய பாலிசிகள் மட்டும் வரும். எங்களுக்கு வந்தது 2. "நம் விதிகள் மொத்தம் 2" என்று திருத்தி எழுதிவிட்டு, இரவு சாப்பிடும்போது அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"போர்டுல இருக்கறது சரிய்யா. போர்டுல எழுதாம, 'நீ போ'ன்னு வாய்ச்சொல்லா உள்ள விட்ட ஆளு எந்தக் கணக்குல வருவான்?" என்றார்.

அம்மா அப்படித்தான் கேட்பார். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி வெடி விபத்தை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அதில் இறந்தவர்கள் வேலையாட்கள் மட்டுமில்லை. உதவி செய்ய ஓடிப்போனவர்களும் உண்டு.

மறுநாள் தேடினேன். ஐ.ஏ.எம்.மில் 'இன்லைன்' பாலிசி என்று ஒன்று உண்டு. ஒரு ஆளோடு நேரடியாக ஒட்டி எழுதிய விதி அது. 'லிஸ்ட் பாலிசீஸ்' பட்டியலில் அது வராது. 'லிஸ்ட் யூசர் பாலிசீஸ்' என்று ஒவ்வொரு ஆளாகத் தனியே கேட்க வேண்டும். குரூப்புக்கும் ரோலுக்கும் அதே மாதிரி வேறு வேறு ஜன்னல். கேட்டால், எங்கள் குழு நண்பன் பெயரில் ஒன்று இருந்தது! செயல் என்ற இடத்தில் நட்சத்திரக் குறி, பொருள் என்ற இடத்திலும் நட்சத்திரக் குறி. அதாவது எதையும் செய்யலாம். ஆரம்பத்தில் அவசரத்துக்குப் போட்டது, மறந்துவிட்டான். கணக்கு திறக்கக் கொடுத்தது அவன் அண்ணன் கார்டு. அவனுடைய சாவி வெளியே போயிருந்தால், யாரோ ஒருவன் பெரிய பெரிய மெஷின்களை ஓட்டி, பில் அந்த அண்ணன் தலையில் வந்திருக்கும்.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. 2019இல் அமெரிக்காவின் கேப்பிட்டல் ஒன் வங்கியிலிருந்து சுமார் 10 கோடி அமெரிக்கர், 60 லட்சம் கனடியர் விவரங்கள் வெளியே போயின. ஒரு ரோலுக்குத் தேவைக்கு மேல் அனுமதி இருந்தது அதற்கு ஒரு காரணம்.

பட்டியலில் வருவது பாலிசியின் பெயர், எண் போன்ற மேல்விவரம்தான். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதற்கு 'கெட் பாலிசி' கேட்டு, எந்தப் பதிப்பு நடப்பில் இருக்கிறது என்று பார்த்து, பிறகு 'கெட் பாலிசி வெர்ஷன்' கேட்க வேண்டும். இதையும் சேர்த்து எழுதினேன். முதல் வரியை அடித்துவிட்டு, "இந்த டூல் காட்டாதவை" என்று முதல் பக்கத்தை ஆரம்பித்தேன். அடுத்த வருட ஜூனியர்கள் இதை நம்பித்தானே கை வைப்பார்கள்.

நண்பனின் நட்சத்திர அனுமதியை எடுத்துவிட்டோம். எடுத்ததும் அவனுடைய புரோகிராம் ஓடவில்லை. தேவையான அனுமதிகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துச் சேர்க்க இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் அவன் என்னோடு பேசவில்லை. வைவாவில் முதல் கேள்வியே அந்த அனுமதியைப் பற்றித்தான் வந்தது. அவன்தான் பதில் சொன்னான்.