வீட்டு மொழியும் நாட்டு மொழியும்

ஆஸ்திரேலியாவின் தென்கரையில் கூரோங் எனும் உப்பங்கழி நூறு கிலோமீட்டருக்கும் மேலாக நீண்டு கிடக்கிறது. அதற்கும் கடலுக்கும் இடையே மணல்மேடுகளே வேலி. அங்கே தந்தையோடு வாழும் சிறுவன் ஒருவன், மனிதர் சூறையாடிய கூடுகளிலிருந்து மூன்று கூழைக்கடாக் குஞ்சுகளை எடுத்து வளர்க்கிறான். அவற்றுள் ஒன்று அவனைப் பிரியாத் தோழனாகிறது. முடிவில் வேட்டைக்காரனின் துப்பாக்கிக்கு இரையாகிறது. 1963-இல் வெளிவந்த 'புயல் சிறுவன்' எனும் இந்நூலின் ஆசிரியர் காலின் தீலி. பள்ளியிலும் கல்லூரியிலும் பாடம் சொல்லித் தந்தவர்.

அன்னார் 1920-இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் யூடண்டா எனும் சிற்றூரில் ஜெர்மானிய வழிவந்த உழவர் குடும்பத்தில் பிறந்தார். முதல் உலகப் போரின் கசப்பு அன்று நீங்கியிருக்கவில்லை. 1917-இல் அச்சமூகத்தாரின் லூத்தரன் பள்ளிகள் மூடப்பட்டன. ஜெர்மானிய ஊர்ப்பெயர்களை மாற்றவும் சட்டம் வந்தது. வீட்டில் ஜெர்மன் பேசி வளர்ந்த பிள்ளை, பள்ளிக்குச் சென்றே ஆங்கிலம் கற்றது.

இத்தகைய சூழலில் வளர்வோர் தம் வீட்டை மறைப்பதுண்டு. வெளியுலகை வெறுத்து ஒதுங்குவதுமுண்டு. தீலி இரண்டையும் செய்யவில்லை. நாட்டு மொழியில் தேர்ச்சி பெற்று, அம்மொழியிலேயே தம் மக்களின் வயலையும் நகைச்சுவையையும் எழுதினார். 1961-இல் வந்த 'அரிதாள்மீது வெயில்' அதற்குச் சான்று.

அடிலெய்ட் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, இரண்டாம் உலகப் போரில் ஆஸ்திரேலிய விமானப்படையில் பணியாற்றியபின், 1946 முதல் போர்ட் லிங்கன் உயர்நிலைப் பள்ளியில் கற்பித்தார். அது சூரை மீன்பிடித் துறைமுகம். அவ்வூர் மீனவர் வாழ்வே 1969-இல் 'நீலத்துடுப்பு' எனும் நாவலாயிற்று. மாணாக்கரின் வீடுகளில் அன்றாடம் நிகழ்வதும் இலக்கியமாகத் தகும் என அவர் காட்டினார். பின்னர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முதல்வராகவும் உயர்ந்தார். மூட்டுவாதம் பல்லாண்டுகள் உடலை வாட்டியும் நூறு நூல்களுக்குமேல் எழுதினார். 1977-இல் நாட்டின் உயர் விருது அவரை நாடி வந்தது. 'புயல் சிறுவன்' 1976-இலும் 2019-இலும் திரைப்படமாயிற்று.

2006 செப்டம்பர் 4 அன்று அவர் மறைந்தார். வனவிலங்கு நிகழ்ச்சிகளால் புகழ்பெற்ற ஸ்டீவ் இர்வினும் அன்றே திருக்கை முள் தைத்து மாண்டதால், ஆசிரியரின் மறைவுச் செய்தி அடங்கிப் போயிற்று.

பெற்றோர்களே! வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறொரு மொழியுமாக வளரும் பிள்ளைக்கு அது குறையன்று. அவ்விரண்டுக்கும் இடையில் நின்றே தீலி எழுதினார். பாட்டியின் பேச்சையும் தந்தையின் தொழிலையும் நாணமின்றி எழுதிப் பார்க்கும்படி உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.