கீல் உடைந்த சைக்கிளுக்கும் கேள்வி முறை உண்டு!

மும்பையில் நம்மவர்கள் பலருக்கு வீடு என்பது பத்துக்குப் பத்து அறைதான். தாராவியில் அந்த ஓர் அறைக்குள்ளேயே அடுப்பும் கட்டிலும் துணிக்கொடியும் அடங்கியாக வேண்டும். சைக்கிளைச் சந்தில் நிறுத்தினால், விடியும்போது இருக்கும் என்று சொல்வதற்கில்லை. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் மாடிக் கட்டடங்களில் குடியிருப்போர் பாடும் ஏறக்குறைய இதுவே. மாடிப்படிக்குக் கீழே வைத்தால் சண்டை. மூன்று மாடி தூக்கிச் சென்றால் தோள் வலி.

இதற்கு வழி சொல்ல வந்ததுதான் மடக்கு சைக்கிள். நடுவில் மடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். வேலைக்குப் போகிறவர் ஸ்டேஷன் வரை மிதித்துவிட்டு ரயிலைப் பிடிக்கலாம். ஆனால் விலை சாதாரண சைக்கிளைவிடக் கூடுதல். சீட்டுப் பணத்திலோ தீபாவளி போனஸிலோ வாங்குகிறவர்களே அதிகம். அப்படி வாங்கியது ஆறாம் மாதமே உடைந்தால் என்ன செய்வது? 'நம் தலையெழுத்து' என்று பலர் விட்டுவிடுகிறார்கள். விட வேண்டியதில்லை.

எது உடைகிறது?

மடக்கு சைக்கிளின் உயிர்நாடி கீல். நடுச்சட்டத்தில் ஒன்று, ஹேண்டில் தண்டில் ஒன்று என இரண்டு இடங்களில் கீலும், அதை இறுக்கிப் பிடிக்கும் தாழும் இருக்கும். தினமும் மடித்து விரிப்பதால் தாழ் தளரும். பள்ளத்தில் விழுந்து எழும் அதிர்ச்சி முழுவதையும் கீலை ஒட்டிய பற்றவைப்பு தாங்குகிறது. அங்கேதான் விரிசல் விடும்.

டயர், டியூப், பிரேக் கட்டை, மிதி, செயின் போன்றவை தேய்ந்தால் எந்தச் சைக்கிள் கடையிலும் வாங்கி மாட்டிவிடலாம். கீலும் தாழும் அப்படியல்ல. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வார்ப்பு. ஒன்றுக்குரியது இன்னொன்றில் பொருந்தாது. ஆகவே செய்தவரிடம்தான் கேட்டாக வேண்டும்.

வெல்டிங் கடைக்கு ஓடலாமா?

தாராவியில் எதையும் பற்றவைத்துத் தரும் கைகள் உண்டு. 'கொஞ்சம் காசு கொடுத்தால் முடிந்தது' என்று தோன்றும். அங்கேதான் இரண்டு நஷ்டம். பிறர் கை வைத்த சட்டத்துக்குப் பெரும்பாலான கம்பெனிகள் வாரண்டி தருவதில்லை. அத்துடன், அலுமினியச் சட்டத்தின் பலம் ஆலையில் அதற்குச் செய்யும் சூட்டுப் பதத்தில் இருக்கிறது. பற்றவைக்கும் சூட்டில் அந்தப் பதம் கெட்டுவிடும். பார்வைக்கு ஒட்டியது போல் இருக்கும். சயான் சாலையில் லாரிக்கு முன்னால் விட்டுக்கொடுக்கும். விரிசல் கண்ட அன்றே ஓட்டுவதை நிறுத்துவதுதான் அறிவுடைமை.

காகிதம்தான் பேசும்

கியாரண்டி என்றால் புதிது தருவார்கள், வாரண்டி என்றால் பழுது பார்ப்பார்கள் என்று பேச்சு வழக்கில் சொல்வதுண்டு. பெயரைப் பார்த்துப் பயனில்லை. அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்பதே கணக்கு. பெரும்பாலும் சட்டத்துக்கு ஒரு காலக்கெடு, மற்ற பாகங்களுக்குக் குறைந்த கெடு என்று இருக்கும். தேய்மானம், துரு, விபத்து, அளவுக்கு மீறிய சுமை ஆகியவற்றை ஒதுக்கியிருப்பார்கள். கடல் காற்றும் நான்கு மாத மழையும் உள்ள மும்பையில் 'துரு' என்ற சொல்லைக் காட்டித் தட்டிக்கழிப்பது சுலபம். எனவே மழைக்காலத்தில் கீலைத் துடைத்து எண்ணெய் விட்டு வைப்பது நம் பக்க நியாயத்தைக் காப்பாற்றும்.

ரசீது, வாரண்டி அட்டை, சட்டத்தில் பொறித்திருக்கும் எண் ஆகிய மூன்றையும் வாங்கிய அன்றே செல்போனில் படம் பிடித்து வைக்க வேண்டும். கடை ரசீதின் மை சில மாதங்களில் மங்கிவிடும் என்பது நினைவிருக்கட்டும். 'ரசீது இல்லாமல் வாங்கினால் விலை குறையும்' என்று கடைக்காரர் ஆசை காட்டினால் மயங்கக் கூடாது. ரசீது தராமலிருப்பதையே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. பழுதான பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள் திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. ரசீதில் காலம் குறிக்கவில்லை என்றால் கணக்கு 30 நாள்.

கடைக்காரர் கையை விரித்தால்

'கம்பெனிக்கு எழுதியிருக்கிறோம், அடுத்த வாரம் வாங்க' என்ற பதில் பலருக்குப் பழகியது. வாய்ப் பேச்சுக்குச் சாட்சி இல்லை. உடைந்த பாகத்தின் படம், ரசீது நகல், என்ன வேண்டும் என்ற கோரிக்கை ஆகியவற்றை எழுத்தில் அனுப்ப வேண்டும். கடைக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று என ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளலாம். உடைந்த பாகத்தைக் கடையில் ஒப்படைத்தால், ஒப்படைத்ததற்குச் சீட்டு வாங்காமல் படி இறங்கக் கூடாது.

இணையத்தில் வாங்கியவர்களுக்கும் வழி உண்டு. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, விற்பனைத் தளம் குறைதீர்ப்பு அதிகாரி ஒருவரை வைத்திருக்க வேண்டும். அவர் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

அதிலும் பயனில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 'நமக்கு இந்தி வராது, மராட்டி வராது' என்ற தயக்கமே வேண்டாம். தமிழிலும் பேசலாம். அவர்கள் புகாரைப் பதிந்து கம்பெனிக்கு அனுப்புவார்கள். பல புகார்கள் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடுவது உண்டு.

ஊரில் வாங்கிய சைக்கிள்

நெல்லையிலோ நாகர்கோவிலிலோ பண்டிகை விடுமுறையில் வாங்கி, ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்த பொருள் என்றால்? 1986-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தவரை, எதிர்த்தரப்பு இருக்கும் இடத்திலோ தகராறு எழுந்த இடத்திலோதான் வழக்குப் போட வேண்டியிருந்தது. லீவு போட்டு ஊருக்குப் போகும் செலவு சைக்கிள் விலையைத் தாண்டிவிடும். அதனாலேயே பலர் வாயை மூடிக்கொண்டார்கள்.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டது. புகார் தருபவர் குடியிருக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுச் செய்யலாம். கடை தென்காசியில் இருக்கட்டும், கம்பெனி லூதியானாவில் இருக்கட்டும். வழக்கு மும்பையில் நடக்கும். பிழைக்க வந்தவர்களுக்கு இந்தச் சட்டம் தந்த பெரிய வசதி இது.

பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமே இல்லை. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. 2025 ஜனவரியில் தொடங்கிய 'இ-ஜாக்ருதி' இணையதளம் வழியாகவும் மனுச் செய்யலாம். தகராறு எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் செய்துவிட வேண்டும். பழுதை நீக்கித் தரவோ, புதிது தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ ஆணையம் உத்தரவிடலாம், நஷ்டஈடும் கேட்கலாம். பொருளைச் சோதனைக்கு அனுப்பத் தேவையில்லாத வழக்கை 3 மாதத்திலும், தேவைப்படும் வழக்கை 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் தாமதம் ஏற்படுவதும் உண்டு. பொறுமை வேண்டும்.

பிழைப்புக்கு ஓட்டும் சைக்கிள்

இட்லி விற்பவர், பார்சல் கொண்டு போகிறவர், இஸ்திரித் துணி வாங்கப் போகிறவர் ஆகியோருக்கு ஒரு சந்தேகம் வரும். 'வியாபாரத்துக்கு வாங்கிய பொருள்' என்று சொல்லிச் சட்டம் கைவிட்டுவிடுமோ என்பதுதான் அது. இதற்கு 1995-லேயே உச்ச நீதிமன்றம் விடை சொல்லியிருக்கிறது. அதிலும் ஒரு பக்கம் மராட்டியம், மறு பக்கம் நம் கோவை.

மராட்டியத்திலிருந்த லட்சுமி என்ஜினீயரிங் ஒர்க்ஸ் என்ற தொழிற்கூடம், கோவை பி.எஸ்.ஜி. தொழில் நிலையத்தில் லட்சக்கணக்கில் விலையுள்ள ஓர் இயந்திரத்தை வாங்கியது. தாமதமாக வந்தது, குறையும் உள்ளது என்று வழக்குத் தொடர்ந்தது. மாநில ஆணையம் நஷ்டஈடு தரச் சொன்னது. தேசிய ஆணையம் மறுத்தது. உச்ச நீதிமன்றமும், இது வணிக நோக்கத்துக்கு வாங்கியது என்று மறுத்துவிட்டது. வாங்கியவர் தோற்றார். ஆனால் அந்தத் தீர்ப்பிலேயே எளியவர்களுக்கு ஒரு கோடு கிழித்துத் தந்தார்கள். தட்டெழுத்து இயந்திரம் வாங்கித் தானே தட்டிப் பிழைப்பவரும், வண்டி வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவரும் நுகர்வோரே. ஒத்தாசைக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்த உரிமை போகாது. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்திலும், சுயதொழில் செய்து வயிறு கழுவ மட்டுமே வாங்கிய பொருள் வணிகக் கணக்கில் சேராது.

ஆக, தானே மிதித்து இட்லி விற்பவருக்குச் சட்டத்தின் நிழல் உண்டு. பத்துச் சைக்கிள் வாங்கிப் பத்து ஆள் வைத்து ஓட்டுகிற முதலாளியின் கணக்கு வேறு.

கீல் விட்டுக்கொடுத்து ஆள் விழுந்து காயம் பட்டால், செய்தவர்மீது தனியாக நஷ்டஈடு கேட்கவும் புதிய சட்டத்தில் இடம் இருக்கிறது. அப்போது ஆஸ்பத்திரிச் சீட்டுகளும் உடைந்த பாகமும் கையில் இருக்க வேண்டும். பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டால் சாட்சியும் எடைக்குப் போய்விடும்.

சில ஆயிரம் ரூபாய்ச் சாமானுக்கு இத்தனை அலைச்சலா என்று கேட்கலாம். அந்தச் சில ஆயிரத்தைச் சேர்க்க எத்தனை நாள் ஓவர்டைம் பார்த்தோம் என்பதை எண்ணிப் பார்த்தால் கேள்வி மாறிவிடும். டிரங்குப் பெட்டியில் ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில் சைக்கிள் ரசீதுக்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள். மற்றதைக் கேட்டு வாங்கலாம்.