டயர் கம்பெனியின் நட்சத்திரமும் நம்பர் போட்ட வாத்தும்: பாரிஸ் விருந்து ரகசியங்கள் தெரியுமா?

கல்யாணமாகி இருபத்தைந்தாவது வருஷம். ஐரோப்பா டூர். நடுவில் மூன்று நாள் பாரிஸ். ‘ஒரு வேளையாவது பெரிய ரெஸ்டாரென்ட்டில் ஜம்மென்று உட்கார்ந்து சாப்பிட்டுவிட வேண்டும்’ என்று முடிவு கட்டிவிட்டீர்களா? கையைக் கொடுங்கள்! ஆனால் டேபிள் புக் பண்ணும் முன் இதைப் படித்துவிடுங்கள். அந்த மேஜைக்குப் பின்னால் இருக்கிற கதைகளுக்கே தனியாக பில் போடலாம்!

உலகின் மிகப் பெரிய ஷெஃப்களின் தூக்கத்தைக் கெடுப்பது ஒரு டயர் கம்பெனி, தெரியுமா? ஆமாம், மிச்செலின்! 1900-ல் பிரான்ஸ் முழுக்கத் தேடினாலும் மூவாயிரம் கார் தேறாது. கார் ஓடினால்தானே டயர் தேயும்? தேய்ந்தால்தானே புது டயர் விற்கும்? ஆந்த்ரே, எதுவார் என்ற மிச்செலின் சகோதரர்கள் யோசித்தார்கள். ஒரு புத்தகத்தைச் சுமார் 35,000 பிரதிகள் அச்சடித்து, கார் வைத்திருப்பவர்களுக்குச் சும்மாவே கொடுத்தார்கள். டயர் மாற்றுவது எப்படி, பெட்ரோல் எங்கே கிடைக்கும், ராத்திரி எங்கே தங்கலாம் என்று விவரம் சொல்லும் கையேடு அது. 1920-ல்தான் அதற்கு விலை வைத்தார்கள். எங்கோ ஒரு கடையில் மேஜைக்கு முட்டுக் கொடுக்க அந்தப் புத்தகத்தை வைத்திருந்ததை ஆந்த்ரே பார்த்துவிட்டார், அதுதான் காரணம் என்று ஒரு கதை உண்டு.

அந்தக் கையேட்டில் நல்ல ரெஸ்டாரென்ட்களுக்கு நட்சத்திரம் வந்தது 1926-ல். ஒன்று, இரண்டு, மூன்று என்ற தரவரிசை 1931-ல். ஒரு நட்சத்திரம் என்றால் போகிற வழியில் நிறுத்திச் சாப்பிடலாம். இரண்டு என்றால் வழியை விட்டு விலகியும் போகலாம். மூன்று என்றால் அதற்காகவே வீட்டிலிருந்து கிளம்பலாம்! கவனித்தீர்களா, மூன்றிலும் டயர்தான் தேய்கிறது!

இன்னொரு ஆச்சரியம். 1944-ல் நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கியபோது, 1939-ம் வருஷத்து மிச்செலின் கைடை வாஷிங்டனில் மறுபதிப்புச் செய்து அதிகாரிகளிடம் கொடுத்தார்கள். காரணம், பிரெஞ்சு ஊர்களின் தெரு வரைபடம் அதில் அவ்வளவு துல்லியம். சாப்பாட்டுக்கு வழிகாட்டிய புத்தகம் சண்டைக்கும் வழிகாட்டியது!

நம் ஆட்கள் பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று. அந்த நட்சத்திரம் தட்டில் இருப்பதற்கு மட்டும்தான். சரவிளக்கு, வெல்வெட் நாற்காலி, ஜன்னலுக்கு வெளியே சீன் நதி, இவற்றுக்கெல்லாம் அதில் மார்க் கிடையாது. அந்தச் சொகுசைச் சொல்வதற்கென்றே முள்கரண்டி - ஸ்பூன் அடையாளம் தனியாக வைத்திருந்தார்கள். ஆகவே கல்யாண நாளுக்கு என்ன வேண்டும் என்று வீட்டில் முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். ஜன்னலா, தட்டா? மூன்று நட்சத்திரத்தை நம்பிப் போய் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டு, போட்டோ நன்றாக வரவில்லை என்று ஷெஃப்பைக் குறை சொல்லக் கூடாது!

நட்சத்திரத்துக்காகக் கோர்ட்டுக்கே போன ஷெஃப்பைத் தெரியுமா? ஆல்ப்ஸ் மலையில் மனிகோ என்ற ஊரில் ரெஸ்டாரென்ட் நடத்திய மார்க் வேராவுக்கு 2019 ஜனவரியில் மூன்றாவது நட்சத்திரம் பறிபோனது. தன் சூஃப்ளேயில் இங்கிலீஷ்கார செடார் சீஸ் போட்டதாக மிச்செலின் ஆய்வாளர் நினைத்துவிட்டார் என்று கொதித்துப் போனார் மனிதர். மஞ்சளாகத் தெரிந்தது குங்குமப்பூ, நான் போட்டது உள்ளூர் சீஸ் என்று வழக்கே போட்டுவிட்டார்! அவர் கேட்ட நஷ்ட ஈடு எவ்வளவு? ஒரே ஒரு யூரோ. அந்த வருஷக் கடைசி நாளில் வழக்கு தள்ளுபடி. இதற்கு நேர் எதிராக, ‘எனக்கு நட்சத்திரமே வேண்டாம் சாமி’ என்று 2017-ல் மூன்றையும் திருப்பிக் கொடுத்தவர் இன்னொரு ஷெஃப், செபாஸ்டியன் ப்ரா. 2018 கைடில் அவர் பெயரை எடுத்தார்கள். 2019-ல் கேட்காமலேயே இரண்டு நட்சத்திரம் போட்டுவிட்டார்கள்!

சரி, பாரிஸுக்குள் வருவோம். சாப்பிடுகிற வாத்துக்கு சர்டிஃபிகேட் கொடுக்கும் ரெஸ்டாரென்ட் தெரியுமா? பெயர் லா டூர் தர்ஜான். தாங்கள் 1582-லிருந்து இருப்பதாகச் சொல்லிக்கொள்வார்கள். அதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் ஃப்ரெடெரிக் டெலேர் என்ற முதலாளி 1890-ல் ஆரம்பித்த பழக்கம் நிஜம். ஒவ்வொரு வாத்துக்கும் ஒரு வரிசை எண். சாப்பிட்டவர் கையில் அந்த எண் எழுதிய அட்டை. பிற்பாடு ஏழாம் எட்வர்ட் மன்னரான இங்கிலாந்து இளவரசர் சாப்பிட்டது 328-ம் வாத்து. 1921-ல் ஜப்பான் பட்டத்து இளவரசர் ஹிரோஹிட்டோ வந்தபோது 53,211. பத்து லட்சமாவது வாத்து 2003-ல் மேஜைக்கு வந்தது!

அந்த வாத்தைச் செய்வதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். ரத்தம் வீணாகக் கூடாது என்று கழுத்தை அறுக்காமல் கொன்ற வாத்து அது. அரைகுறையாக வாட்டி எடுத்து, நெஞ்சுக்கறியையும் காலையும் தனியே பிரித்துவிடுவார்கள். மிச்சக் கூடு அப்படியே வெள்ளிபோல் பளபளக்கும் அழுத்தும் எந்திரத்துக்குள் போகும். மேலே உள்ள சக்கரத்தைச் சுற்றச் சுற்ற எலும்பு நொறுங்கும். கீழே மூக்கு வழியாக ரத்தமும் மஜ்ஜையும் கலந்த சாறு இறங்கும். அதோடு ஈரல், கொன்யாக், மதேரா ஒயின் சேர்த்து ஸ்பிரிட் அடுப்பில் கிண்டிக்கொண்டே இருப்பார்கள். குழம்பு கெட்டிப்பட்டு சாக்லேட் நிறத்துக்கு வந்ததும் நெஞ்சுக்கறித் துண்டுகள் அதற்குள் இறங்கும். கால் இரண்டும் தனியாகச் சுட்டு அடுத்த சுற்றில் வரும். ரத்தமா என்று முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். ஆட்டு ரத்தப் பொரியலுக்காக ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடை வாசலில் நிற்கிற நமக்கு இதில் என்ன அதிர்ச்சி?

லா டூர் தர்ஜான் இருப்பது ஆறாவது மாடி, ஜன்னலுக்கு வெளியே நோத்ர தாம் தேவாலயம். பாதாள அறையில் மூன்று லட்சத்துக்கும் மேல் ஒயின் பாட்டில்கள். ஒயின் பட்டியல் மட்டும் 400 பக்கம், எடை 8 கிலோ! 1940 ஜூனில் ஜெர்மன் படை பாரிஸை நெருங்கியபோது, முதலாளி குடும்பத்து க்ளோத் தெராய் உயர்ந்த சரக்கையெல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கி, குறுக்கே சுவர் எழுப்பி மறைத்துவிட்டார். நாஜிகளிடமிருந்து தப்பிய அறைக்கு வேறு ரூபத்தில் கண் பட்டது. 2024 தொடக்கத்தில் கணக்கெடுத்தால் 83 பாட்டில்களைக் காணோம்! மதிப்பு 15 லட்சம் யூரோவுக்கு மேல்!

ஜன்னல்தான் முக்கியம் என்பவர்களுக்கு ஐஃபல் டவரிலேயே டேபிள் இருக்கிறது. இரண்டாவது தளத்தில், தரையிலிருந்து 125 மீட்டர் உயரத்தில் ல ஜூல் வெர்ன். அதற்குப் போக டவரின் தெற்குக் காலில் தனி லிஃப்ட்! இந்த டவரைக் கட்டவே கூடாது என்று 1887-ல் கண்டன அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர்களில் எழுத்தாளர் மோப்பசானும் ஒருவர். பிறகு அடிக்கடி டவரிலேயே போய்ச் சாப்பிடுவாராம். ஏன் என்றால், பாரிஸில் இந்த டவர் கண்ணில் படாத ஒரே இடம் இதுதான் என்பாராம்!

சரித்திரப் பைத்தியங்களுக்கு வேறு இடம் உண்டு. 1784-ல் தொடங்கிய ல க்ராண் வெஃபூரில் நெப்போலியன், விக்டர் ஹ்யூகோ என்று பெயர் பொறித்த சின்னத் தகடுகள் இருக்கைகளில் இருக்கும். ஹ்யூகோ இடம் காலியா என்று புக்கிங்கிலேயே கேட்டுப் பாருங்கள்.

சைவம் என்றால் பாரிஸில் ரொட்டியும் சாலடும்தான் என்று நினைத்தீர்களா? ஆர்ப்பேஜ் என்ற ரெஸ்டாரென்ட் 1996-லிருந்து மூன்று நட்சத்திரம். 2001-ல் அதன் ஷெஃப் அலென் பஸார், மெனுவிலிருந்து ஆட்டுக்கறி மாட்டுக்கறியைத் தூக்கினார். பாரிஸே வாயைப் பிளந்தது. நட்சத்திரம் ஒன்றுகூடக் குறையவில்லை! 2025 ஜூலையில் மீன், முட்டை, பால், வெண்ணெய் எல்லாவற்றையும் தூக்கிவிட்டார். மிச்சம் வைத்தது தன் தோட்டத்துத் தேனை மட்டும். வெண்ணெய் இல்லாமல் பிரெஞ்சு சமையல்! ஒரு பீட்ரூட்டுக்கு இவ்வளவு விலையா என்று கேட்காமல் சாப்பிடத் தெரிந்தவர்கள் போகலாம்.

புக்கிங்குக்கு வருவோம். இதில்தான் கோட்டை விடுவார்கள். ஆகஸ்டில் பாரிஸின் பெரிய ரெஸ்டாரென்ட்கள் பலவும் வாரக்கணக்கில் பூட்டு, தெரியுமா? சமையல்காரர்களும் லீவில் கடலுக்குப் போய்விடுவார்கள். ஞாயிறு, திங்களிலும் பல இடங்கள் திறக்காது. கல்யாண நாள் ஞாயிற்றுக்கிழமை வருகிறதென்றால் சனிக்கிழமையே கொண்டாடிவிடுங்கள்! கிரெடிட் கார்டு நம்பர் கேட்டால் பயப்பட வேண்டாம். சொல்லாமல் கொள்ளாமல் வராதவர்களிடம் பணம் பிடிக்கத்தான் அது. என்ன விசேஷம், எது ஒத்துக்கொள்ளாது, எது சாப்பிட மாட்டீர்கள் என்பதை அப்போதே எழுதிவிடுங்கள். அங்கே போய் உட்கார்ந்த பிறகு ‘முட்டை சேர்க்க மாட்டோம்’ என்றால் சமையலறை என்னதான் செய்யும்?

என்னைக் கேட்டால் மதியத்துக்குப் போங்கள். அதே சமையலறை, அதே ஷெஃப், அதே வெள்ளை மேஜைத் துணி. ஆனால் மதியத்துக்கென்று வைத்திருக்கும் மெனு, பல இடங்களில் ராத்திரி விலையில் பாதிகூட வராது! வெளிச்சத்தில் ஜன்னலும் தெரியும். நான்கு மணிக்கு எழுந்து ஆற்றங்கரையில் நடந்தால் சாப்பிட்டதும் செரிக்கும். ராத்திரிதான் ரொமான்ஸ் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. கூடுதலாகக் கொடுக்கிற யூரோவை மட்டும் ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள்.

விலையே போடாத மெனு கார்டு உண்டு, தெரியுமா? பழைய பாணி ரெஸ்டாரென்ட்களில் கணவர் கையில் விலை போட்டது, மனைவி கையில் விலை இல்லாதது! விருந்தாளி விலையைப் பார்த்துச் சங்கடப்படக் கூடாதாம். பெரு நாட்டின் லிமாவில் ஒரு ரெஸ்டாரென்ட் இப்படிச் செய்ததற்காக 2019-ல் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பு பெரிய அபராதமே போட்டது. கார்டில் விலை இல்லாவிட்டால் என்ன, எதிரே உட்கார்ந்திருக்கிறவர் முகம் வெளுப்பதைப் பார்த்தே நம் வீட்டுப் பெண்கள் தொகையைச் சொல்லிவிடுவார்கள்! இரண்டு பேருக்கும் விலை போட்ட கார்டு வேண்டும் என்று முன்னாலேயே சொல்லிவிடலாம். தப்பில்லை.

உள்ளே போனதும் ஹேண்ட்பேக்குக்கு ஒரு குட்டி ஸ்டூல் கொண்டுவந்து போடுவார்கள். கால் வைக்கிற பலகை என்று நினைத்துவிட வேண்டாம்! பிறகு ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டுகள். இந்த வரிசை பிரெஞ்சுக்காரர் வழக்கமே இல்லை, தெரியுமா? அந்தக் காலப் பிரெஞ்சு விருந்தில் நம் வாழை இலை மாதிரி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பரப்பி வைத்துவிடுவார்கள். ஒவ்வொன்றாகப் பரிமாறும் பழக்கத்தை 1810 வாக்கில் பாரிஸில் காட்டியவர் ரஷ்யத் தூதர் குராகின்!

கூடையில் வரும் ரொட்டியிலும் நம் கதை உண்டு. 2023-ல் பாரிஸின் மிகச் சிறந்த பகெத் ரொட்டிக்கான பரிசை வென்றவர் தர்ஷன் செல்வராஜா, இலங்கையிலிருந்து போன தமிழர். பரிசுத் தொகையோடு, ஒரு வருஷம் பிரெஞ்சு ஜனாதிபதி மாளிகைக்கே ரொட்டி கொடுக்கும் உரிமை! நத்தைக்கும் ஒரு கதை. திண்டுக்கல் மாவட்டம் நத்தத்துப் பக்கம் வயலில் நத்தை பொறுக்கிச் சாப்பிட்டதை வெளியே சொல்லக் கூச்சப்பட்ட பையன், கேட்டரிங் படிக்கப் போன இடத்தில்தான் பிரெஞ்சுக்காரர்கள் அதைக் காசு கொட்டிச் சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டான். அவர்தான் ஷெஃப் விஜய் குமார். நியூயார்க்கில் அவருடைய ‘செம்ம’ ரெஸ்டாரென்ட்டில் நத்தைப் பிரட்டல் உண்டு, மிச்செலின் நட்சத்திரமும் உண்டு!

ரொட்டியில் வயிற்றை நிரப்பிவிடாதீர்கள். சீஸ் வண்டி வரும், அதற்குப் பிறகு இனிப்பு, அதற்கும் பிறகு கேட்காமலேயே குட்டிக் குட்டி இனிப்புகள். குழாய்த் தண்ணீருக்குக் காசு கிடையாது. கேட்டால் ஜாடியில் தருவார்கள்.

மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தாலும் பில் வராது. நீங்கள் கேட்பதற்கு முன் கொண்டுவந்து வைப்பது அவர்களைப் பொறுத்தவரை மரியாதைக் குறைவு. சர்வீஸ் சார்ஜ் விலைக்குள்ளேயே அடக்கம். மனசு குளிர்ந்தால் மேலே ஏதாவது வையுங்கள், யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள்.

பர்ஸ் இளைத்துவிட்டதா? மறுநாளைக்கு 1896-லிருந்து நடக்கும் பூயோன் ஷார்த்தியே இருக்கிறது. உழைப்பாளிகளுக்குச் சல்லிசாகச் சூடாகச் சாப்பாடு போட ஆரம்பித்த கூடம். கறுப்பு வெயிஸ்ட்கோட்டும் வெள்ளை ஏப்ரனுமாக வரும் சர்வர், நீங்கள் சாப்பிட்ட கணக்கை மேஜை மேல் விரித்த பேப்பரிலேயே பேனாவால் எழுதிக் கூட்டிக் காட்டுவார். ரிசர்வேஷன் எல்லாம் கிடையாது. வாசலில் வரிசையில் நின்றால் போதும்.